மோட்டாரால் செலுத்தப்படும் பிள்ளைகள்

ஜோகூர் பாருவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் தென்முனைக் குழந்தைக் கவன ஆய்வு மையம் இயங்கி வருகிறது. பிள்ளைகளுக்குக் கவனம் ஏன் சிதறுகிறது, சிதறினால் என்ன வைத்தியம் பார்ப்பது என்று ஆராய்வதுதான் அதன் வேலை. ஐந்து மாடிகள் ஆராய்ச்சிக்கு, ஒரு மாடி பிரமுகர்களை வரவேற்பதற்கு. பிள்ளைகளுக்கென்று மாடி எதுவும் இல்லை. அவர்கள் வந்தால் ஓடுவார்கள், கண்ணாடி உடையும் என்பதால், முன் அனுமதி இல்லாத பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது என்று காவலாளிக்குச் சுற்றறிக்கை போயிருந்தது.

ரெங்கத்தில் இருக்கிற கஸ்தூரிக்கு இந்த மையத்தோடு சம்பந்தம் ஏற்பட்டது மகள் தேன்மொழியால். தேன்மொழிக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஓடுகிற பிள்ளை இல்லை, மேசைமேல் ஏறுகிற பிள்ளை இல்லை, கத்துகிற பிள்ளையும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போகிற பிள்ளை. கணக்கில் முதல் எண்ணை எழுதுவாள், கூட்டல் குறியும் போடுவாள், அதோடு சரி. மிச்சம் எங்கே என்று கேட்டால் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரே தவணையில் நான்கு தண்ணீர் போத்தலும் இரண்டு காலணியும் தொலைத்திருந்தாள். காலணி இரண்டும் இடது கால். பள்ளியில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடு வீடு திரும்பிய நாளில் பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கஸ்தூரி அரசாங்கக் கிளினிக்கில் கேட்டாள். நிபுணரைப் பார்க்கப் பதினொரு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். தனியாரிடம் போகக் குளுவாங் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற சம்பளம் இடம் தராது. கணவன் அர்ச்சுனன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவான்.

"நம்ம புள்ளைக்கு ஒன்னும் இல்லலா. சின்ன வயசுல நானும் இப்படித்தான்" என்றான்.

போன வாரம் வந்தபோது கைப்பேசியை வைத்துவிட்டுப் போய், அதை எடுக்கப் பாதி வழிக்கு மேல் போய்ச் செனாயிலிருந்து திரும்பி வந்தவன் அவன்.

இந்த நிலையில்தான் பள்ளி அறிவிப்புப் பலகையில் மையத்தின் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சை ஆய்வு. ஒரு கேள்வித்தாளுக்குப் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். தேர்வாகும் நாற்பது பிள்ளைகளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இரண்டு முறை, பன்னிரண்டு வாரம், இலவசமாக வருவார். கஸ்தூரி 'வீட்டுக்கே' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

குறித்த நாளில் ரெங்கம் பொது மண்டபத்தில் கேள்வி கேட்க வந்தவள் அபிகெயில் என்ற இளம்பெண். மையத்தின் ஆய்வு உதவியாளர், கோத்தா திங்கிப் பக்கம் பிறந்தவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பதினெட்டுக் கேள்விகள். கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும், ஒரு எழுத்துக்கூட விளக்கக்கூடாது என்று அவளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"கேள்வி ஒன்று. உங்கள் குழந்தை பணிகளின் நுண்கூறுகளில் உன்னிப்புச் செலுத்தத் தவறுகின்றதா?"

"என்னாம்மா சொல்ற?"

"நான் படிக்கத்தான் முடியும் ஆண்டி. விளக்கம் சொன்னா ஆய்வு கெட்டுப்போயிரும்."

"தமிழ்ல சொன்னாகூடவா?"

"இதான் தமிழ் ஆண்டி."

இப்படியே பதின்மூன்று கேள்விகள் போயின. கஸ்தூரிக்கு வேர்த்தது. புரிந்ததற்கு உண்மையைச் சொன்னாள், புரியாததற்கு 'எப்போதாவது' என்று சொல்லித் தப்பித்தாள். பிள்ளை ஓடுகிறதா, ஏறுகிறதா என்பதற்கெல்லாம் ஒருபோதும் இல்லை என்று சொன்னாள். பதினான்காவது கேள்வி வந்தது.

"உங்கள் குழந்தை மோட்டாரால் செலுத்தப்படுவதைப் போன்று விளங்குகின்றதா?"

கஸ்தூரியின் முகம் மலர்ந்தது. அன்றைக்கு முதல்முறையாக ஒரு கேள்வி நேராக வந்து அவள் காதில் விழுந்தது. மோட்டார் என்றால் நம் நாட்டில் யாருக்குமே சந்தேகம் கிடையாது. இரண்டு சக்கரம், முன்னால் ஒரு கூடை, பின்னால் புத்தகப்பையோடு ஒரு பிள்ளை.

"ஆமாம்மா, தெனம். காலையில ஆறேகாலுக்கெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

அபிகெயில் நிமிர்ந்து பார்த்தாள். "ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. இதுல எது ஆண்டி?"

"மிக அடிக்கடிதான். மழ பேஞ்சா மட்டும் பக்கத்து வீட்டு ஜெயபாலன் காடியில போவா. அதையும் எழுதணுமா?"

"அதுக்குக் கட்டம் இல்ல ஆண்டி."

அபிகெயிலுக்கு மனத்தில் ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சிக் கையேட்டில் போட்டிருக்கவில்லை. மிக அடிக்கடி என்ற கட்டத்தில் சரி போட்டாள். அதற்கு மூன்று மதிப்பெண். பதினெட்டுக்கும் சேர்த்து மொத்தம் இருபத்தைந்து. இருபத்து நான்கு வாங்கினாலே கோளாறு உண்டு என்று கணக்கு. தேன்மொழி தேர்வானாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஐலீன் டீச்சர் வந்தார். மையத்தின் மொத்த ஊழியர்களில் பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன், அதனாலோ என்னவோ அவருக்குக் கட்டடத்தில் மேசை இல்லை. ஓர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டினார். அதைக் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்தார். பக்கம் மறைந்து ஒரே ஒரு கணக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.

"இது ஒன்னுதான் தேனு. இத முடிச்சா அட்டைய எறக்கலாம். எறக்குறது உன் வேல."

அட்டையை இறக்கும் வேலை தேன்மொழிக்குப் பிடித்துவிட்டது. கஸ்தூரிக்கும் டீச்சர் பாடம் நடத்தினார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டும், முடித்தால் உடனே பாராட்ட வேண்டும். நான்காவது வாரத்தில் தேன்மொழி ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டாள். கடைசிக் கணக்குக்கும் விடை இருந்தது. கஸ்தூரி தண்ணீர் எடுப்பதாகச் சொல்லி அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ரெங்கத்தில் இப்படிப் பிள்ளை ஒரு வரி ஒரு வரியாக முன்னேறிக்கொண்டிருக்க, ஜோகூர் பாருவில் மையம் பெரிய தாவலாகத் தாவியது. ரெங்கத்திலும் லாயாங் லாயாங்கிலும் கேள்வி கேட்கப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளில் இருநூற்று ஏழு பேர் மிக அடிக்கடி மோட்டாரால் செலுத்தப்படுகிறார்கள், அதாவது ஒரு கணம்கூட ஓயாமல் இயங்குகிறார்கள் என்று தெரியவந்தது. உலகத்தில் எங்குமே இல்லாத விகிதம். மையத்தின் இயக்குநர், டத்தோ பட்டம் பெற்ற டாக்டர் சதாசிவம், அன்று மதியம் சாப்பிடவில்லை என்று சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய அதிசயம் கோத்தா திங்கியில் நடந்திருந்தது. அங்கே வெள்ளம் வடிந்த வாரத்தில் கேள்வி கேட்டிருந்தார்கள். எல்லார் வீட்டு மோட்டாரும் தண்ணீரில் மூழ்கிப் பட்டறையில் கிடந்தன. பெற்றோர் அத்தனை பேரும் பெருமூச்சோடு 'ஒருபோதும் இல்லை' என்று பதில் சொல்லியிருந்தார்கள்.

டத்தோ இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளம் வந்த ஊரில் மிகையியக்கம் அடியோடு இல்லை. வெள்ளம் வராத ஊரில் தலைவிரித்தாடுகிறது. ஆக, தண்ணீர் பிள்ளைகளைச் சாந்தப்படுத்துகிறது. மறுவாரமே நீர்ச் சிகிச்சைக்கு ஒப்புதல் வந்து, இருநூறு பிளாஸ்டிக் பேசின்கள் வாங்கியாயிற்று.

கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவிக்க ஓட்டலில் கருத்தரங்கு ஏற்பாடானது. சிறப்புப் பெற்றோராகக் கஸ்தூரியையும் அழைத்தார்கள். அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, ஐலீன் டீச்சருக்கு நன்றி சொல்லலாம் என்று போனாள். ஐலீன் டீச்சரைக் கூப்பிடவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

டத்தோ மேடையேறினார். அவையோர் பெயர்களையும் பட்டங்களையும் சொல்லி வணங்கவே பதினொரு நிமிடம் ஆயிற்று. பிறகு பேசினார்.

"சில பேர் கேட்கிறார்கள், இந்த ஆய்வை எப்படி நம்புவது என்று. ஐயா, அம்மா, இந்தக் கேள்வித்தாளைத் தமிழாக்க நாங்கள் பதினாறு மாதம் உழைத்தோம். ஆறு கூட்டங்கள், மூன்று ஓட்டல்கள். மூல ஆங்கிலத்தில் மோட்டார். தமிழில் மோட்டார். அந்தத் தமிழை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கினோம். என்ன வந்தது? மோட்டார்! ஒரு புள்ளி பிசகவில்லை. இந்தப் பதினாறு மாதத்தில் ஒரு தாயையோ தகப்பனையோ நாங்கள் தொந்தரவு செய்ததில்லை. ஒரு குழந்தையைக்கூட நேரில் பார்த்து எங்கள் நடுநிலையைக் கெடுத்துக்கொள்ளவில்லை."

கைதட்டல் அடங்கியதும் கஸ்தூரியின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். "சொல்லுங்கம்மா, உங்கள் மகள் மோட்டாரால் செலுத்தப்படுவதை நீங்கள் முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?"

"கிண்டர்ல சேர்த்ததுலேருந்து டத்தோ. மொதல்ல முன்னால ஒக்கார வச்சுக்கிட்டுப் போனேன், இப்ப பின்னால. ஹெல்மெட் போட்டுத்தான் கூட்டிட்டுப் போறேன். லைசென்சும் இருக்கு."

மண்டபத்தின் பின்வரிசையில் யாரோ ஒருவர் "அலமாக்" என்று தலையில் கை வைத்தார்.

மொழிபெயர்ப்புக் குழுத் தலைவர் ஐயாசாமி எழுந்தார். தமிழுக்காக நாற்பது ஆண்டு கூட்டம் போட்டவர். "மோட்டார் என்பது உந்துவிசைப் பொறி. அது வண்டியைக் குறிக்காது. மக்கள் தப்பாகப் பேசிக்கொண்டு திரிந்தால் அதற்குக் கேள்வித்தாள் எப்படிப் பொறுப்பாகும்? கேள்வி சரி. பதில் சொன்னவர்கள்தான் தப்பு" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கஸ்தூரி அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போதுகூடத் தான் ஏதோ உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தபோதுதான் உறைத்தது.

'மேற்கண்ட குழந்தையின் மதிப்பெண் இருபத்தைந்திலிருந்து இருபத்திரண்டாகத் திருத்தப்படுகிறது. ஆகவே அக்குழந்தைக்குத் தொடக்கம் முதலே கோளாறு இருந்ததில்லை எனக் கருதப்படும். கடந்த ஐந்து வாரங்களில் அதற்கு ஏற்பட்ட முன்னேற்றம் செல்லாது. பயிற்சியாளர் வருகை உடனடியாக நிறுத்தப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.'

உள்ளதும் போச்சு. கஸ்தூரி தொழிற்சாலைக் கழிவறையில் நின்றுகொண்டு மையத்துக்குப் போன் போட்டாள். நிர்வாக அதிகாரி விஜயன் எடுத்தார்.

"ஏம்மா அழுவுறீங்க? ஒங்க புள்ளைக்கு ஏடிஎச்டி இல்லன்னு சொல்றோம். சந்தோசப்படணும்லா."

"இல்லன்னா, என் புள்ள தொலச்ச நாலு தண்ணி போத்தல் எங்க சார் போச்சு?"

"அது எங்க ஆய்வுல வரல."

"இப்பத்தான் சார் பக்கம் முழுசா எழுதுறா. ஏழு வாரம் பாக்கி இருக்கு."

"முன்னேறிட்டான்னா அப்பறம் என்னா பிரச்சன?"

மூன்று வாரம் ஐலீன் டீச்சர் வரவில்லை. தேன்மொழி செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் ஐந்து மணிக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டையை வைத்துக் கஸ்தூரியே சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். நாள் முழுக்கப் பொட்டலம் கட்டிவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஒருநாள் கத்திவிட்டாள். மறுநாள் கணக்கு மறுபடியும் கூட்டல் குறியோடு நின்றது.

அதற்குள் மையம் மனமிரங்கியது. கேள்வி சரியாகவே இருந்தாலும், பெற்றோரின் அறியாமையைக் கருத்தில் கொண்டு மோட்டார் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உந்துப்பொறி' என்று போட்டார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு மறுமதிப்பீடு உண்டு. பிள்ளையையும் கூட்டிவர வேண்டும், பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும், அதன் நடத்தையை உதவியாளர் கவனித்துக் குறிப்பார்.

அர்ச்சுனன் சிங்கப்பூரிலிருந்து போனில் சொன்னான்: "போன தடவ நெசத்த சொன்ன. என்னா கெடச்சிச்சு? இந்தத் தடவ எல்லாத்துக்கும் மிக அடிக்கடின்னு போடு. யோசிக்காத."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கஸ்தூரி மன்னிப்பு கேட்டுக்கொண்டாள், முன்கூட்டியே. பிறகு பிள்ளையோடு ஜோகூர் பாருவுக்குப் போனாள். முன் அனுமதிக் கடிதத்தைக் காவலாளி இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே விட்டான். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகப் பேசின் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கண்டுபிடிப்பு பொய்த்துப்போனாலும் ஒப்புதல் பொய்க்கவில்லை. ஓர் அதிகாரி கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றார். தேன்மொழி ஒரு பேசினை எட்டிப் பார்த்து, "மீன் இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். இல்லை என்றார், நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அறையில் அதே அபிகெயில். அவளுக்குக் கஸ்தூரியை அடையாளம் தெரிந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

"உங்கள் குழந்தை பணிகளின் நுண்கூறுகளில் உன்னிப்புச் செலுத்தத் தவறுகின்றதா?"

"மிக அடிக்கடி."

"நேரடியாகப் பேசும்போது செவிமடுக்காதது போல் தோன்றுகின்றதா?"

"மிக அடிக்கடி."

"அமர்ந்திருக்க வேண்டிய சூழலில் இருக்கையை விட்டு எழுந்து ஓடுகின்றதா? ஏறுகின்றதா?"

"மிக அடிக்கடி."

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடவில்லை. கை எதையும் நோண்டவில்லை. அபிகெயிலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் மடியில் ஒரு விரலை மடக்கினாள், விரல் தீர்ந்ததும் முதலிலிருந்து மடக்கினாள். கஸ்தூரி அதைப் பார்க்காமலிருக்கச் சுவரில் மாட்டியிருந்த டத்தோவின் படத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். உந்துப்பொறிக்கும் மிக அடிக்கடிதான். தன் பிள்ளையைத் தானே விற்பது போலிருந்தது அவளுக்கு, ஆனாலும் நிறுத்தவில்லை.

ஐம்பத்து நான்குக்கு ஐம்பத்து நான்கு. மையத்தின் வரலாற்றிலேயே யாரும் வாங்காத மதிப்பெண்.

நடத்தைக் குறிப்பு மட்டும் பாக்கி. அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: ஓடியது, ஏறியது, குறுக்கிட்டது. அபிகெயில் பிள்ளையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். மூன்றையும் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"கெடச்சிருச்சு ஆண்டி. செவ்வாக்கெழமையில இருந்து ஐலீன் டீச்சர் வருவாங்க."

கஸ்தூரிக்கு மூச்சு வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தேன்மொழி மட்டும் எழவில்லை.

"அம்மா, பதினெட்டுக் கேள்வியும் காது குடுத்துக் கேட்டேன். ஒன்னுகூட விடல."

"கெட்டிக்காரி. வா, போலாம்."

"நீ சொன்ன அந்தப் புள்ள பாவம்மா" என்றாள் தேன்மொழி. "அது யாரு? ஐலீன் டீச்சர் இனிமே அந்தப் புள்ள வீட்டுக்கா போவாங்க?"